இனாம் மாட்டையும் பல்லைப் பிடித்துப் பாருங்கள்: பிள்ளைகளுக்குத் தகவலைச் சரிபார்க்கச் சொல்லித்தருவது எப்படி?

போன வருடம் எட்டாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும், எங்கிருந்து எடுத்தாய் என்று கடைசியில் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். நாற்பத்தொரு நோட்டு வந்தது. முப்பதுக்கு மேல் நோட்டுகளில் கடைசி வரி ஒன்றே: "ஆதாரம்: கூகுள்." ஒருத்தன் மட்டும் கொஞ்சம் நேர்மையாக "ஆதாரம்: அண்ணன் போன்" என்று எழுதியிருந்தான்.

மஞ்சள் எங்கே வாங்கினாய் என்று கேட்டால் "பஸ்ஸில்" என்று சொல்வது போலத்தான் இது. பஸ் கொண்டுவந்து சேர்த்தது சரி, எந்த மண்டி, யார் தோட்டத்து மஞ்சள் என்பதற்கு அதில் பதில் இல்லையே. ஆனால் பிள்ளைகளைத் திட்டி என்ன செய்ய? நாம் சொல்லித்தரவில்லை. "ஆதாரம் எழுது" என்று மட்டும் சொன்னோம், ஆதாரம் என்றால் என்ன என்று சொல்லவில்லை.

கோபி பக்கம் ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே நூலகப் பொறுப்பையும் பார்க்கிறேன், சனிக்கிழமை கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கும் போவேன். இரண்டு இடத்திலும் செய்து பார்த்து, சொதப்பி, திருத்திக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நூலகப் பாடவேளையை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துவிடுகிறவர்களுக்கும், ஊர்ப்புற நூலகத்தில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் நூலகர்களுக்கும் உதவலாம். ஒரு கரும்பலகை, நெட் உள்ள ஒரு போன், பத்துப் பதினைந்து பழைய புத்தகங்கள் இருந்தால் போதும். ஹைடெக் லேப் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள்

இந்த விஷயத்தைப் பற்றித் தேடினால் உங்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு சரிபார்ப்புப் பட்டியலாகத்தான் இருக்கும். புதியதா, பொருத்தமானதா, எழுதியவர் தகுதியானவரா, பிழையில்லாமல் இருக்கிறதா, நோக்கம் என்ன என்று வரிசையாக டிக் அடிக்கச் சொல்லும். இதில் பேர் பெற்ற பட்டியல் 2004இல் கலிபோர்னியாவின் சீக்கோ நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உருவானது. கெட்ட பட்டியல் இல்லை. ஆனால் அதை வைத்து நான் ஒரு வருடம் ஓட்டினேன், பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மோசடி தளம் எதைக் கொடுத்தாலும் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கொடுத்தார்கள். தேதி இருக்கிறதா, இருக்கிறது. எழுதியவர் பெயர் இருக்கிறதா, இருக்கிறது, டாக்டர் பட்டத்தோடு. எழுத்துப்பிழை? நம் நோட்டில் இருப்பதைவிடக் குறைவு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில்தான் எனக்குக் கைகொடுத்தது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். மூன்று கூட்டத்துக்கும் அறிமுகமில்லாத வலைத்தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை படித்து, தளத்தின் அழகிலும் முத்திரையிலும் மயங்கிப் பலரும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே வெளியே வந்து, வேறு நாலு ஜன்னலைத் திறந்து, "இந்தத் தளத்தைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது" என்று தேடினார்கள். விரைவாகவும் முடித்தார்கள், சரியாகவும் சொன்னார்கள்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா வந்தது. பாதி வகுப்பு சந்தைக்குப் போய்விட்டு வந்திருந்தது. "மாடு வாங்கப் போனா உங்க அப்பாரு என்ன கண்ணு பார்ப்பாரு?" என்று கேட்டேன். அவ்வளவுதான், வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ரெண்டு பல்லா நாலு பல்லா, கடை முளைத்துவிட்டதா என்று. உடம்பில் மயிர் எப்படிச் சுழிந்திருக்கிறது என்று சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். கறந்து காட்டச் சொல்வார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்க அப்பிச்சி அந்த மாட்டுக்காரங்க ஊர்ல தெரிஞ்சவங்களுக்குப் போன் போட்டுக் கேப்பாருங்க டீச்சர்" என்றாள். அப்பிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அப்பா.

பாடம் அதுதான். மாட்டைப் பற்றி மாட்டுக்காரரிடம் கேட்டால் லட்சுமி என்றுதான் சொல்வார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டால்தான் உதைக்கிற மாடா என்பது தெரியும். ஒரு தளத்தின் "எங்களைப் பற்றி" பக்கத்தைப் படிப்பது மாட்டுக்காரரிடம் கேட்பது. தளத்தின் பெயரைத் தேடுபெட்டியில் போட்டு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது அப்பிச்சியின் போன். தளம் அழகாக இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சுழி பார்ப்பது மாதிரி. சுழி சுத்தமாக இருந்தாலும் உதைக்கிற மாடு உதைக்கத்தான் செய்யும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு அல்லவா, வாட்ஸப் விஷயத்தில் மட்டும் அதைத் தலைகீழாக எழுதிப் போடச் சொல்வேன். இனாமாக வந்தது என்பதால்தான் பல்லைப் பார்க்க வேண்டும்.

கரும்பலகையில் மூன்று கேள்விகள் வருடம் முழுக்க அழியாமல் இருக்கட்டும். யார் சொல்கிறார்? அவருக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்த மூன்றும் அந்த ஸ்டான்ஃபோர்டுகாரர்கள் பள்ளிகளுக்காக வைத்த கேள்விகள்தான், என் சொந்தச் சரக்கு இல்லை. (ஆதாரம் கேட்கிறவள் ஆதாரம் சொல்ல வேண்டுமே.)

ஒரு வாய்க்கால், மூன்று வகுப்பு

முதல் பாடத்துக்கு உலக விஷயம் வேண்டாம். உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுங்கள். எங்களுக்கு வாய்க்கால். பவானியில் ஆறு காவிரியோடு சேர்வதற்குச் சற்று முன்னால் அணைக்கட்டில் பிரிந்து, ஈரோடு வழியாக வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேர்கிறது, நீளம் 56 மைல், அதாவது ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

முதல் வகுப்பில், நோட்டுகளில் எழுதியிருந்த வாக்கியங்களையே எடுத்துப் பலகையில் எழுதினேன். 1283இல் கட்டி முடித்தார்கள். கட்ட 12 வருடம் ஆனது. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியது. காலிங்கராயன் தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டு ஊத்துக்குளிப் பக்கம் போனார். உலகத்தின் முதல் நதிநீர் இணைப்பு இதுதான். ஐந்தும் உண்மையா என்று கேட்டால் "உண்மைங்க" என்று ஒரே சத்தம். ஐந்தும் ஒரே மாதிரி உண்மையா என்று கேட்டேன், அமைதியாகிவிட்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் ஐந்தையும் பிரித்தோம். பாம்பு கதை, சத்தியம் இரண்டும் வழிவழியாகச் சொல்லி வருவது. இதைப் "பொய்" என்று அடித்துவிட ஒரு பையன் தயாராக இருந்தான், நான் விடவில்லை. கதை பொய்யில்லை, அது வேறு வகைச் சான்று. வாய்க்கால் ஏன் இப்படி வளைகிறது என்று ஊருக்குள் எழுந்த கேள்விக்கு ஊர் சொன்ன பதில் அது. அதே கேள்விக்கு ஒரு பொறியாளர், மேட்டையும் பள்ளத்தையும் அனுசரித்து மெல்லச் சரிந்துகொண்டே போனால்தான் தண்ணீர் வழிநெடுகப் பாயும், அதற்காக வளைத்திருக்கிறார்கள் என்பார். இரண்டு பதிலையும் எழுதலாம், எது எந்த வகை என்று சொல்லி எழுத வேண்டும். 1283 என்பது வேறு. அது தேதி, தேதிக்குக் கல்வெட்டோ ஓலையோ எழுதிவைத்த யாரோ இருக்க வேண்டும். அப்புறம் "உலகத்தின் முதல்". இந்தச் சொல் எங்கே வந்தாலும் கையைத் தூக்கிக் கேள் என்று பழக்கிவிட்டேன். உலகம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னாயா?

மூன்றாம் வகுப்பில் போனை எடுத்தோம். ஒரு நோட்டில் இருந்த வாக்கியத்தை அப்படியே இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்துத் தேடினோம். மேற்கோளுக்குள் வைத்தால் அதே சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்கள்தான் வரும், இது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. வரிசையாகப் பல பக்கங்கள் வந்தன, எல்லாவற்றிலும் அதே வாக்கியம், இரண்டு மூன்றில் அதே எழுத்துப்பிழையும்கூட. "பத்துப் பேர் சொல்றாங்க, அப்ப உண்மைதானுங்களே" என்றான் ஒருவன். பத்துப் பேர் சொல்லவில்லை தம்பி, ஒருத்தர் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொல்கிறார்கள். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதனால் இதற்கு ஒரு முழு வகுப்பைச் செலவழிக்கத் தயங்காதீர்கள், தேர்வுக்கு வராது என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தாலும் சரி.

படமும் வீடியோவும்

தீபாவளி ராத்திரி இந்தியா விண்வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது பாருங்கள் என்று நாசா பெயரில் கலர் கலராக ஒரு படம் வருடா வருடம் வரும், பார்த்திருப்பீர்கள். அது தீபாவளிப் படமே இல்லை. வெவ்வேறு ஆண்டுகளின் இரவு வெளிச்சத்தை வெவ்வேறு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மக்கள்தொகை எப்படிப் பெருகியது என்று காட்ட 2003இல் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் செய்த படம். 2012இலேயே நாசா இதை விளக்கிவிட்டது. படம் பொய்யில்லை, அடியில் எழுதிய வரிதான் பொய். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் வகுப்பே கண்டுபிடித்துவிடும். முதல் வெற்றி சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் படத்தை வைத்திருக்கிறேன்.

அதற்கு அடுத்து எடுப்பது சிரிக்கிற விஷயமில்லை. 2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கேயோ எப்போதோ நடந்த வேறு சண்டைகளின் காட்சிகள் அவை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பயம் பரவியது, ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதும் படங்களும் உடன் சுற்றின, அந்த வருடம் ஹோலி மார்ச் 8 என்பதை யாரும் அதில் எழுதவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அண்ணனோ பனியன் கம்பெனியில்தான் வேலை. தகவல் தப்பானால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வீடியோவுக்குச் சொல்லித்தருவது இது: நல்ல இடத்தில் நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் படமாகத் தேடு, கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டி நம்பரில் எந்த மாநிலம், பேசுவது என்ன மொழி என்று பார். மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது, தனியார் சரிபார்ப்புத் தளங்களும் தமிழில் இருக்கின்றன, இரண்டையும் காட்டுங்கள். ஆனால் அரசைப் பற்றிய செய்திக்கு அரசின் சரிபார்ப்பகத்தை மட்டும் கேட்பதும் மாட்டுக்காரரிடமே கேட்பதுதான் என்று மூத்த வகுப்புக்குச் சொல்லிவிடுவேன்.

நானும் ஏமாந்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உலகின் சிறந்த தேசிய கீதமாக நம் ஜன கண மனவை யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று காலை வணக்கக் கூட்டத்தில் கணீரென்று வாசித்தேன், கைத்தட்டலும் வாங்கினேன். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். டீச்சரே ஏமாந்தார் என்று தெரிந்தால் பிள்ளைகள் தாங்கள் ஏமாந்ததை வெட்கமில்லாமல் சொல்கிறார்கள், அது இல்லாமல் இந்தப் பாடமே நகராது.

தமிழில் தேடுவது தனி வித்தை

ஆங்கிலத்துக்காக எழுதிய குறிப்புகள் நமக்கு அப்படியே பொருந்தாது. கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை என்று மூன்றும் போட்டுத் தேட வேண்டும். "மஞ்சளின்", "மஞ்சளுக்கு" என்று உருபு ஏறினால் சொல்லின் முகமே மாறிவிடுகிறது, ஆகவே வாக்கியமாகக் கேட்காமல் வேர்ச்சொற்களைத் தனித்தனியாகப் போட வேண்டும். பழைய அரசு ஆவணங்கள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும், அல்லது வெறும் ஸ்கேன் படமாக இருக்கும், தேடினால் அகப்படாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எத்தனையோ பழைய நூல்கள் ஸ்கேன் படங்களாக இருக்கின்றன. தலைப்பையும் ஆசிரியரையும் வைத்து எடுத்துப் பொருளடக்கத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கூகுளில் வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இதை அடிக்கடி சொல்லுங்கள்.

முகவரியின் வாலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜிஓவி டாட் இன் என்று முடிவது அரசுக்கு மட்டுமே கிடைக்கும், ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு. டாட் ஓஆர்ஜி என்பது சேவை நிறுவனத்தின் அடையாளம் என்று ஆசிரியர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஈரோட்டுப் பக்கம் இருந்துகொண்டு அதைத் தவிர்க்க முடியாது. "மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும், ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று ஒரு ஃபார்வேர்டு. பதினொன்றாம் வகுப்புக்கு இதைக் கொடுத்து, அந்த "ஆராய்ச்சி" எது என்று வேர்வரை தோண்டச் சொன்னேன். போய்ச் சேர்ந்த இடம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்மீது செய்த சோதனை. தட்டில் உள்ள செல் வேறு, எலி வேறு, மனுசன் வேறு. மஞ்சளில் குர்குமின் என்ற வேதிப்பொருள் இருப்பதே நூற்றுக்குச் சில பங்குதான், சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. இதைச் சொன்னதும் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர் மகள் ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் அவளே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் போய், சாகுபடி பற்றி எழுதியிருப்பதைத் தன் அப்பாவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வருடம் வந்ததிலேயே நல்ல நோட்டு அவளுடையதுதான்.

ஏஐ பற்றி நீட்ட மாட்டேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் வரலாற்றுக்கு ஐந்து புத்தகம் சொல் என்று அதனிடம் கேட்டு, வருகிற பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்து நூலகத்தில் தேடவிடுங்கள். தலைப்பு இருக்கும், ஆசிரியர் பெயர் இருக்கும், பதிப்பகமும் ஆண்டும்கூட இருக்கும், சிலவற்றுக்குப் புத்தகம் மட்டும் உலகத்திலேயே இருக்காது. எங்களுக்கு ஐந்தில் மூன்று அப்படி. நூலகர் பாவம், நாலு அலமாரியைப் புரட்டினார்.

கடைசியாகப் புத்தகம்

எல்லாம் நெட்டில்தான் கெட்டுக்கிடக்கிறது, அச்சில் வந்தால் உண்மை என்று நினைக்கவைத்துவிடக் கூடாது. புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அட்டையைத் திருப்பிப் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்க்கப் பழக்குங்கள். முதற்பதிப்பு எது, இது எத்தனையாவது மறுபதிப்பு? 1962இல் எழுதியதை 2019இல் மறுபடி அச்சடித்திருந்தால், உள்ளே "தற்போது" என்று வருவது எந்தத் தற்போது?

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சீர்காழிக்காரர், நூலகத்துறையில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் இந்த ஒரு பாடவேளையில் மட்டும் அந்த விதியை வேண்டுமென்றே மீறி, பிள்ளைகளின் நேரத்தை நன்றாக வீணடிக்கிறேன். பதிப்பு விவரப் பக்கத்தைக் கிழித்துவிட்ட, ஆண்டு தெரியாத பழைய புத்தகங்களைக் கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, இது எப்போது எழுதியது என்று உள்ளே இருப்பதை வைத்தே கண்டுபிடிக்கச் சொல்வேன். நம் பகுதியில் இதற்கு ஒரு வசதி உண்டு, மாவட்டங்கள். தாராபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை கோவை மாவட்டம், அப்புறம் பெரியார் மாவட்டம், தொண்ணூறுகளின் பின்பாதியில் அதற்கே ஈரோடு மாவட்டம் என்று பெயர், 2009இலிருந்து திருப்பூர் மாவட்டம். ஊர் நகரவே இல்லை, முகவரி மட்டும் நாலு. "பெரியார் மாவட்டம் தாராபுரம் வட்டம்" என்று ஒரு வரி அகப்பட்டால் போதும், ஏறக்குறைய பதினேழு பதினெட்டு வருட இடைவெளிக்குள் புத்தகத்தைப் பிடித்துவிடலாம். காசு பற்றிய வரி, பஸ் கட்டணம், டெலிபோன் நம்பர் எத்தனை இலக்கம் என்பதையெல்லாம் சேர்த்தால் இன்னும் குறுக்கலாம்.

இந்த வருடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு நெசவு பற்றிய ஒரு சிறு நூல் கிடைத்தது. அரைமணி நேரம் புரட்டியும் உள்ளே மாவட்டப் பெயர் எதுவும் இல்லை, விலையும் கிழிந்துபோயிருந்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மணி அடிக்கிற நேரத்தில் ஓடி வந்து பதினேழாம் பக்கத்தைக் காட்டினாள். ஊதா மையில் பாதி அழிந்த முத்திரை: பெரியார் மாவட்ட நூலக ஆணைக்குழு. "இது எழுதுன வருசம் இல்லீங்க டீச்சர், லைப்ரரிக்கு வந்த வருசம். அப்ப எழுதுனது இதுக்கு முன்னாடிதானுங்களே?"